எட்டு இதழ்த் தாமரை செதுக்கலாம், ஆனால் முதலில் கட்டை அசையக் கூடாது

முதல் மூன்று மாதம் இடது கையால் கட்டையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் உளியைத் தள்ளினேன். உளி நழுவி, இடது பெருவிரலுக்குக் கீழே நான்கு தையல் போட்ட பிறகுதான் ஒரு விஷயம் மனதில் பதிந்தது: இரண்டு கையும் எப்போதும் கருவியில் இருக்க வேண்டும். கட்டையைப் பிடிப்பது மேசையும் பசையும் பார்க்க வேண்டிய வேலை. அதனால் இந்தப் பதிவில் செதுக்குவதைவிடப் பிடிமானத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

செய்யப்போவது 5 அங்குல வட்டத்தில் ஒரு தாமரைப் பதக்கம். செட்டிநாட்டு வீட்டு வாசல் நிலைகளில் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. முக்கால் அங்குலத் தடிமன் போதும்.

மரம்: குமிழ் வாங்குங்கள். மென்மையாக வெட்டுப்படும், நிறமும் அழகு. மாங்கட்டை மலிவு, ஆனால் வண்டு அரிக்கும். தேக்கு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். அதில் சிலிக்கா இருப்பதால் உளி வாய் சீக்கிரம் மழுங்கிவிடும். எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டுவதும் சிரமம்.

உளி: மூன்று போதும். அரை அங்குலத் தட்டை உளி ஒன்று, அதே அளவில் வளைந்த வாய் உளி ஒன்று, வி வடிவ உளி ஒன்று. பன்னிரண்டு உளி உள்ள மலிவு செட்டை வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு மூன்று நல்ல உளி வாங்கலாம். தட்டுவதற்குக் கொட்டாப்புளிதான், அதாவது மரச் சுத்தி. இரும்புச் சுத்தி கைப்பிடியைப் பிளந்துவிடும்.

மேசை: தனியாகப் பட்டறை மேசை தேவையில்லை. நின்றபடி முழங்கையை மடக்குங்கள். அதற்கு நான்கு விரல் கீழே மேசைப் பரப்பு இருந்தால் முதுகு வலிக்காது. சாப்பாட்டு மேசை பெரும்பாலும் தாழ்வாக இருக்கும், காலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் ஆடாது. விளக்கு பக்கவாட்டில் இருக்கட்டும். நேர்மேலே இருந்தால் நிழல் விழாது, பள்ளம் எது மேடு எது என்று தெரியாது.

இப்போது என்னைப் பாடாய்ப் படுத்திய விஷயம்: சின்னக் கட்டையை அசையாமல் நிறுத்துவது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே பெரும்பாலும் ஒரே கட்டையில் சாமி சிலை செதுக்குகிறார்கள். அந்தக் கட்டைக்கே ஒரு கனம் உண்டு, லேசில் அசையாது. நம் பதக்கம் உள்ளங்கையில் அடங்குவது. வட்டமாக இருப்பதால் ஓரத்தில் கட்டை அடித்து முட்டுக் கொடுக்கவும் முடியாது. மேலே கிளாம்ப் போட்டால் செதுக்க வேண்டிய இடமே மறைந்துபோகும். ஆகவே, தாள் வைத்துப் பலகையில் ஒட்ட வேண்டும்.

ஒரு அடிச் சதுரத்தில் 18 மி.மீ. பிளைவுட் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெவிகாலைப் பழைய ஏடிஎம் அட்டையால் மெல்லியதாக இழுத்துவிடுங்கள். அதன்மேல் நாளிதழ் ஒற்றைத் தாள். பதக்கத்தின் அடிப்பக்கத்தை இழைத்துச் சமமாக்கி, அதிலும் மெல்லியதாகப் பசை தடவித் தாள்மேல் வையுங்கள். மேலே அம்மிக்கல்லையோ நான்கு செங்கல்லையோ ஏற்றிவிட்டு 24 மணி நேரம் தொடாதீர்கள்.

முதல் தடவை நான் தாளே வைக்கவில்லை. ஒரு வாரம் செதுக்கியதைக் கழற்றும்போது இரண்டு இதழ் பலகையிலேயே தங்கிவிட்டன. அடுத்த தடவை தாள் வைத்தேன், ஆனால் நன்றாகப் பரவட்டும் என்று பசையில் தண்ணீர் கலந்தேன். தாள் முழுக்க ஊறி, மேல் பசையும் கீழ்ப் பசையும் ஒன்றாகிவிட்டன. தாளின் நடுவில் பசை ஏறாத ஒரு அடுக்கு மிஞ்சியிருந்தால்தான் பிறகு அந்த இடத்தில் பிளக்கும். பசை கெட்டியாக, மெல்லியதாக இருக்க வேண்டும். தண்ணீர் தாங்கும் மரைன் வகையும் வேண்டாம், கடைசியில் அடியில் ஒட்டியிருப்பதைத் துடைத்தெடுக்க முடியாது.

(சேர்த்தது: இதைப் படித்த ஒருவர் காலண்டர் தாள் வைத்து ஒட்டியிருக்கிறார், கொட்டாப்புளி பட்ட மூன்றாவது அடியில் பதக்கம் தெறித்துவிட்டது. வழவழப்பான தாளில் பசை ஏறாது. நாளிதழ்தான்.)

பெவிகால் 1959-ல் வந்தது. அதற்கு முன் தச்சர்கள் வஜ்ஜிரம் காய்ச்சினார்கள்: மாட்டுத்தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்குவது. சூடும் ஈரமும் பட்டால் அது திரும்ப இளகிவிடும் என்பதால் இந்த வேலைக்கு அதைவிட நல்ல பசை கிடையாது என்பேன். நாற்றத்தை வீட்டில் பொறுத்துக்கொண்டால் முயன்று பாருங்கள்.

சரி, செதுக்கல். பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வட்டமாக வெட்டிய தாளை மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டு பாகம் கிடைக்கும். கார்பன் தாளில் படியெடுங்கள். இதழ்களுக்கு நடுவே வி உளியால் கோடு இழுங்கள். மரநாரோடு போகும் கோடு சுத்தமாக வரும். குறுக்கே போவதும் கூர் இருந்தால் வரும். சாய்வாகப் போகும் நான்கு கோடுகளில்தான் சிக்கல். பள்ளத்தின் ஒரு சுவர் கண்ணாடி மாதிரி வெட்டுப்படும், எதிர்ச் சுவர் பிய்த்துக்கொண்டு வரும். உளியை மறுபடி தீட்டினாலும் அப்படித்தான், ஏனென்றால் ஒரு சுவரில் நாரோடு போகிறீர்கள், மற்றதில் நாருக்கு எதிராக. அதனால் வி உளியைப் பாதி ஆழத்தோடு நிறுத்திவிடுங்கள். மிச்சத்தைத் தட்டை உளியால், ஒரு சுவரை நடுவிலிருந்து வெளியே, மற்றதை வெளியிலிருந்து நடுவுக்கு என்று தனித்தனியாக இழையுங்கள். பிய்கிறதா, உடனே திசையை மாற்றுங்கள்.

அப்புறம் வளைவு உளியால் இதழின் நடுவைக் குழியாக்கினால் உருவம் எழுந்துவிடும். உளி வேலை முழுக்க முடியும்வரை உப்புத்தாளைத் தொடாதீர்கள். அதன் மணல் மரத்தில் தங்கி அடுத்த வெட்டில் உளியின் கூர்மையைத் தின்றுவிடும்.

இதழ் நுனி உடைந்தால் சில்லைத் தேடி எடுத்து அதே பெவிகாலில் ஒட்டி, நூலால் கட்டிவையுங்கள். பெவிக்விக் வேண்டாம்; அது ஊறிய இடத்தில் எண்ணெய் ஏறாமல் திட்டுத் தெரியும்.

கழற்ற, அகலமான பட்டித் தகட்டை (சுவருக்குப் பட்டி பூசுவது) நார் முடியும் பக்கத்தில் தாள் மட்டத்தில் வைத்து மெல்லத் தட்டுங்கள். அவசரப்பட்டு நெம்பாமல் இரண்டு முனையிலும் மாறி மாறித் தட்டினால், தாள் கிழியும் சத்தம் கேட்கும், பதக்கம் கையோடு வந்துவிடும். அடியில் ஒட்டியிருக்கும் தாளை வெந்நீர்த் துணியால் நனைத்துச் சுரண்டிவிட்டு, ஒரு நாள் காயவிட்டு, ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு கொடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.