பிடிக்காத வேட்பாளர் ஜெயித்து வந்துவிட்டால்: கட்சித் தலைவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊரில் யாருக்கு சீட் என்று கட்சித் தலைமைதான் முடிவு செய்யும். பி படிவத்தில் தலைமை கையெழுத்துப் போட்டால்தான் சின்னம் கிடைக்கும். அமெரிக்காவில் அந்தப் பிடி தலைவர்கள் கையில் இல்லை. மாநிலம் மாநிலமாகப் பிரைமரி என்ற உட்கட்சித் தேர்தல் நடக்கிறது, அதில் சாதாரண ஆதரவாளர்களே வாக்களித்து அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் கட்சியில் ஒரு பாதிக்கு உயிர், மறு பாதிக்கு ஆகவே ஆகாது என்கிற மாதிரி ஒருவர் முன்னால் வந்து நிற்கும்போது, செனட்டர்களும் ஆளுநர்களும் கட்சித் தலைவரும் கையைப் பிசைய வேண்டியதாகிவிடுகிறது.

2016-ல் குடியரசுக் கட்சிக்கு டொனால்ட் டிரம்ப் வந்தபோது நடந்தது இதுதான். 1964-ல் அதே கட்சிக்கு பாரி கோல்ட்வாட்டர், 1972-ல் ஜனநாயகக் கட்சிக்கு ஜார்ஜ் மெக்கவர்ன் என்று முன்பும் நடந்திருக்கிறது. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் பல தவறுகள் தெரிகின்றன, ஆனால் என் பார்வையில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: தனக்கு நஷ்டம் வரும் முடிவை எடுக்காமல், அந்த வேலையை வேறு யாராவது செய்து முடிப்பார்கள் என்று காத்திருப்பது.

“தானாகவே ஓய்ந்துவிடுவார்”

டிரம்ப் போட்டியை அறிவித்தது 2015 ஜூன் 16-ம் தேதி. முக்கிய வேட்பாளர்கள் என்று கணக்கெடுத்தால் மொத்தம் 17 பேர் களத்தில் இருந்தார்கள். இவர் எப்படியும் சரிந்துவிடுவார், அதுவரை பகைத்துக்கொள்ளாமல் இருந்தால் இவருடைய ஆதரவாளர்கள் நம் பக்கம் வருவார்கள் என்பதுதான் அவர்களில் பலருடைய கணக்கு. போட்டியாளர்களில் ஒருவரான டெட் குரூஸ் 2015 டிசம்பரில்கூட டிரம்பை ட்விட்டரில் புகழ்ந்துகொண்டிருந்தார். இன்னொரு போட்டியாளரான ஜெப் புஷ்ஷுக்காக வேலை செய்த ‘ரைட் டு ரைஸ்’ அமைப்பு 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது, அதிலிருந்து பெரும் தொகை டிரம்பை எதிர்க்கப் போகாமல் சக போட்டியாளர் மார்கோ ரூபியோவைத் தாக்கும் விளம்பரங்களுக்குப் போனது. 2016 பிப்ரவரி 6 விவாதத்தில் களத்தில் இருந்த நியூ ஜெர்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி குறிவைத்ததும் ரூபியோவைத்தான். மனப்பாடம் செய்த ஒரே வரியை ரூபியோ மேடையிலேயே திரும்பத் திரும்பச் சொல்லி மாட்டிக்கொண்டார், மூன்று நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் ஐந்தாவது இடத்துக்குப் போனார். கிறிஸ்டியும் அதற்கு மறுநாள் விலகினார், மாதம் முடிவதற்குள் டிரம்பை ஆதரித்து மேடையேறினார்.

இதற்குக் கொடுத்த விலை என்ன என்று பார்க்க தெற்கு கரோலினா மாநிலப் பிரைமரி ஒன்று போதும். அங்கே டிரம்புக்குக் கிடைத்தது 32.5 சதவீதம், அதாவது மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் வேறு யாருக்கோ போட்டார்கள். ரூபியோவுக்கும் குரூஸுக்கும் ஆளுக்கு 22 சதவீதம் சொச்சம். ஆனால் கட்சி மாநாட்டில் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகள் 50 பேரும் டிரம்புக்கே போனார்கள், ஏனென்றால் முதலில் வருபவருக்கே எல்லாம் என்பது விதி. இது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த விதி. 2012 தேர்தலுக்குப் பிறகு, வேட்பாளர் சீக்கிரம் முடிவாக வேண்டும் என்று தேர்தல் அட்டவணையைச் சுருக்கியதும் இதே கட்சித் தலைமைதான். வாக்கு சிதறினால் முன்னால் இருப்பவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார் என்று தெரிந்தும், தான் விலகாமல் மற்றவர் விலகட்டும் என்று ஒவ்வொருவரும் நின்றார்கள்.

கடைசியில் ஒரு கூட்டு முயற்சியும் நடந்தது, அது இன்னும் மோசம். ஏப்ரல் 24-ம் தேதி குரூஸும் ஓஹையோ ஆளுநர் ஜான் கேசிக்கும் ஒப்பந்தம் போட்டார்கள்: இண்டியானாவில் கேசிக் ஒதுங்குவார், ஓரிகனிலும் நியூ மெக்சிகோவிலும் குரூஸ் ஒதுங்குவார். மறுநாளே கேசிக், இண்டியானாவில் என் ஆதரவாளர்கள் எனக்கே வாக்களிக்க வேண்டும் என்றார். மே 3-ம் தேதி இண்டியானாவில் டிரம்ப் ஜெயித்தார், அன்றிரவு குரூஸ் விலகினார், அடுத்த நாள் கேசிக்கும் விலகினார், கதை முடிந்தது.

1964-லும் இதே தாமதம்தான். பென்சில்வேனியா ஆளுநர் வில்லியம் ஸ்கிரான்டன் கோல்ட்வாட்டரைத் தடுக்க வேண்டும் என்று களமிறங்கியது ஜூன் 12-ம் தேதி, கலிபோர்னியா பிரைமரியில் கோல்ட்வாட்டர் ஜெயித்துப் பத்து நாள் கழித்து. மாநில மாநாடுகளில் கோல்ட்வாட்டர் ஆட்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பிரதிநிதிகளைச் சேர்த்து முடித்திருந்தார்கள். கட்சி மாநாட்டின் முதல் சுற்று வாக்கெடுப்பிலேயே கோல்ட்வாட்டருக்கு 883 வாக்கு, ஸ்கிரான்டனுக்கு 214.

எழுதி வாங்கித் தன் கையையே கட்டிக்கொள்வது

2015 ஆகஸ்ட்டில் கிளீவ்லேண்டில் நடந்த முதல் விவாதத்தில், தோற்றால் கட்சி வேட்பாளரை ஆதரிப்பீர்களா என்ற கேள்விக்கு உறுதி தர மறுத்துக் கை தூக்கியவர் டிரம்ப் ஒருவர்தான். அவர் தனிக்கட்சியாக நின்றுவிடுவாரோ என்று கட்சித் தலைவர் ரீன்ஸ் பிரீபஸ் பயந்தார். செப்டம்பர் 3-ம் தேதி நியூயார்க்கில் டிரம்ப் டவருக்கே போய் விசுவாச உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார். டிரம்ப் அந்தத் தாளைக் கேமராக்களுக்கு முன்னால் தூக்கிக் காட்டினார். சரி, அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? மற்ற வேட்பாளர்களும் அதே உறுதிமொழிக்குள் இருந்தார்கள், எனவே இவர் தகுதியற்றவர் என்று பேசிய ஒவ்வொருவரையும் பார்த்து, அப்படியென்றால் நாளைக்கு ஆதரிப்பீர்களா என்று நிருபர்கள் கேட்டார்கள், ஆதரிப்பேன் என்று சொன்ன மாத்திரத்தில் அதுவரை பேசியது அத்தனையும் வீணானது. மார்ச் மாதக் கடைசியில் டிரம்ப் அந்த உறுதிமொழிக்கு இனி கட்டுப்படவில்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். பயத்தில் வாங்கும் உறுதிமொழி நாணயமானவர்களை மட்டும்தான் கட்டிப்போடும்.

கண்டிப்பும் ஆதரவும் ஒரே மூச்சில்

எனக்கு மிகவும் வேதனை தரும் தவறு இது. இதை பால் ரயன் விஷயத்தில் தெளிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் அவர் அப்போது பிரதிநிதிகள் சபை சபாநாயகர், கொள்கைப் பிடிப்புள்ளவர் என்று பெயரெடுத்தவர்.

மே 5-ம் தேதி, ஆதரவு தர இன்னும் தயாராக இல்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார். ஜூன் 2-ம் தேதி சொந்த ஊர்ப் பத்திரிகையில் கட்டுரை எழுதி ஆதரவு தெரிவித்தார். அந்த வாரமே பெரிய சர்ச்சை வெடித்தது: டிரம்ப் நடத்திய ‘டிரம்ப் பல்கலைக்கழகம்’ மீதான வழக்கை விசாரித்த நீதிபதி கொன்சாலோ குரியேல் மெக்சிகோ வம்சாவளி என்பதால் தனக்கு நியாயம் கிடைக்காது என்று டிரம்ப் பேசிவந்தார். அந்த நீதிபதி பிறந்தது இண்டியானாவில். ஜூன் 7-ம் தேதி ரயன் வறுமை ஒழிப்புத் திட்டத்தை வெளியிட வாஷிங்டனின் ஏழைப் பகுதியான அனகாஸ்டியாவுக்குப் போயிருந்தார். மாதக்கணக்கில் தயாரித்த திட்டம் அது, ஆனால் நிருபர்கள் அந்த நீதிபதியைப் பற்றித்தான் கேட்டார்கள். அது இனவெறிப் பேச்சுக்குப் பாடப்புத்தக உதாரணம் மாதிரியானது என்று ரயன் ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஆதரவு தொடரும் என்றார்.

அந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரு சாதாரண வாக்காளர் காதில் வாங்கினால் என்ன புரிந்துகொள்வார்? பேச்சு இனவெறிதான், ஆனால் அது ஆதரவை விலக்கும் அளவுக்குப் பெரிய விஷயமில்லை என்றுதானே. டிரம்பை வெறுத்தவர்களுக்கு ரயன் கோழையாகத் தெரிந்தார், நேசித்தவர்களுக்குத் துரோகியாகத் தெரிந்தார். அக்டோபர் 7-ம் தேதி, பெண்களைப் பற்றி டிரம்ப் 2005-ல் கேவலமாகப் பேசிய ஒலிப்பதிவு வெளியானது. மறுநாள் விஸ்கான்சினில் எல்க்ஹார்ன் என்ற ஊரில் இருவரும் சேர்ந்து மேடையேற வேண்டியது, ரயன் டிரம்பை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். சொந்த மாநிலத்தில், சொந்தக் கட்சிக்காரர்கள் கூடிய மைதானத்தில், கூட்டத்தில் ஒரு பகுதியினர் டிரம்ப் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். அக்டோபர் 10-ம் தேதி, இனி டிரம்பைக் காத்துப் பேசப்போவதில்லை, நாடாளுமன்ற இடங்களைக் காப்பாற்றுவதே என் வேலை என்று உறுப்பினர்களிடம் தொலைபேசியில் சொன்னார். ஆனால் ஆதரவை அப்போதும் திரும்பப் பெறவில்லை. ஐந்து மாதத்தில் எல்லா நிலையையும் எடுத்துப் பார்த்தார், எதிலும் நிற்கவில்லை.

செனட் தேர்தலில் நின்றவர்களுக்கு இது இன்னும் நேரடியாக அடித்தது. நியூ ஹாம்ப்ஷயரின் கெல்லி அயோட், டிரம்புக்கு வாக்களிப்பேன் ஆனால் அதிகாரபூர்வ ஆதரவு தரமாட்டேன் என்று ஒரு நிலையை வைத்திருந்தார். அக்டோபர் 3 விவாதத்தில், பிள்ளைகளுக்கு டிரம்பை முன்மாதிரியாகக் காட்டுவீர்களா என்று கேட்டபோது நிச்சயமாக என்று சொல்லிவிட்டு, சில மணி நேரத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றார். ஒலிப்பதிவு வந்ததும் டிரம்புக்கு வாக்களிப்பதிலிருந்தே பின்வாங்கினார். ஏழு லட்சத்துக்கு மேல் வாக்குகள் பதிவான தேர்தலில் அவர் தோற்றது 1,017 வாக்குகளில். இந்தத் தடுமாற்றம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அவ்வளவு சின்ன இடைவெளியில் இதுவும் ஒரு பங்கு வகித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நெவாடாவில் ஜோ ஹெக் தன் பிரசார மேடையிலேயே டிரம்பை இனி ஆதரிக்கவில்லை என்று அறிவித்துச் சொந்தக் கூட்டத்திடம் கூச்சல் வாங்கினார், அவரும் தோற்றார். நெப்ராஸ்கா செனட்டர் டெப் பிஷரும் தெற்கு டகோட்டா செனட்டர் ஜான் தூனும் டிரம்ப் போட்டியிலிருந்து விலக வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சில நாளில் அவருக்கே வாக்களிப்போம் என்றார்கள். ஓஹையோவின் ராப் போர்ட்மனும் ஒலிப்பதிவுக்குப் பிறகு டிரம்புக்கான ஆதரவை விலக்கியவர்தான், ஆனால் அவர் 20 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் ஆரம்பத்திலிருந்தே போதை மருந்துப் பிரச்சினை போன்ற உள்ளூர் விஷயங்களை வைத்துத் தனக்கென்று ஒரு பிரசாரத்தை நடத்தி வந்தார், டிரம்பைச் சார்ந்து அவர் நிற்கவில்லை.

1964-ல் மிச்சிகன் ஆளுநர் ஜார்ஜ் ராம்னி கோல்ட்வாட்டருக்கு ஆதரவு தர மறுத்தார், நாடு முழுக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் லிண்டன் ஜான்சன் அலை அடித்த அந்தத் தேர்தலில் அவர் மீண்டும் ஆளுநரானார். ரிச்சர்ட் நிக்சன் நேர்மாறாக, தோற்கப்போகிறார் என்று தெரிந்தும் கோல்ட்வாட்டருக்காக ஊர் ஊராகப் பேசினார், 1968-ல் கட்சி அவரையே வேட்பாளராக்கியது. இரண்டு பேரும் ஒரு பக்கத்தில் உறுதியாக நின்றார்கள். எந்தப் பக்கம் சரி என்பது அவரவர் மனசாட்சி, என்னைக் கேட்டால் ராம்னி பக்கம் நிற்பேன்.

மாநாடு முடிந்தால் மாறிவிடுவார் என்று நம்புவது

2016 ஏப்ரலில் டிரம்பின் ஆலோசகர் பால் மனஃபோர்ட் கட்சி நிர்வாகிகளிடம் பேசும்போது, இதுவரை அவர் ஏற்ற வேடம் இனி மாறும் என்ற பொருளில் உறுதி சொன்னார். சில வாரத்தில் குரியேல் விவகாரம் வந்தது. ஒருவரை ஜெயிக்க வைத்த பேச்சை ஜெயித்த பிறகு அவர் ஏன் விட வேண்டும் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆளைத் திட்டிவிட்டு, வாக்களித்தவரைக் கேட்காமல் விடுவது

2012 தோல்விக்குப் பிறகு குடியரசுக் கட்சித் தலைமை 2013 மார்ச்சில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. குடியேற்றச் சட்டத்தை விரிவாகச் சீர்திருத்த வேண்டும், லத்தீன் வாக்காளர்களை ஈர்க்க வேண்டும் என்றது அது. நல்ல அறிக்கைதான், ஆனால் கட்சியின் சொந்த வாக்காளர்களில் பெரும் பகுதி அதற்கு நேரெதிர் திசையில் போய்க்கொண்டிருந்தது. 2014 ஜூனில் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் எரிக் கேன்டரே வர்ஜீனியாவில், அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு பேராசிரியரிடம் பிரைமரியில் தோற்றார், அதில் குடியேற்றம் பெரிய பேச்சாக இருந்தது. இதைவிட உரத்த எச்சரிக்கை வேண்டுமா?

பிறகு 2016 மார்ச் 3-ம் தேதி, 2012-ல் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்று தோற்றவரும் ஜார்ஜ் ராம்னியின் மகனுமான மிட் ராம்னி யூட்டாவில் மேடையேறி டிரம்பைப் போலி, மோசடிக்காரர் என்றார். தைரியமான பேச்சு, ஆனால் அதற்குள் 15 மாநிலங்கள் வாக்களித்து முடித்து, அதில் 10-ஐ டிரம்ப் ஜெயித்திருந்தார். 2012-ல் இதே ராம்னி லாஸ் வேகாஸில் டிரம்பின் ஆதரவை நேரில் போய்ப் பெற்றுக்கொண்டவர் என்பதையும் யாரும் மறக்கவில்லை. தொழிற்சாலை மூடிய ஊரில் இருக்கிறவரிடம் பெரிய பணக்காரர் ஒருவர் வந்து நீ ஏமாறுகிறாய் என்று சொன்னால், அவர் வேட்பாளரை விட்டு விலக மாட்டார், இன்னும் நெருங்கித்தான் போவார்.

உதவியை நிறுத்திவைப்பது, விதியைக் கடைசியில் தேடுவது

1972-ல் மெக்கவர்னைப் பிடிக்காத ஜனநாயகக் கட்சிப் பெரியவர்கள் ஒதுங்கி நின்றார்கள். துணை அதிபர் பதவிக்கு முன்னணித் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக மறுக்க, கடைசி நேரத்தில் செனட்டர் தாமஸ் ஈகிள்டனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் மனச்சோர்வுக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்றிருந்தது பிறகு தெரிய வந்து, மூன்று வாரத்துக்குள் அவர் விலக வேண்டியதாயிற்று. தேர்தலில் மெக்கவர்னுக்கு 49 மாநிலங்களில் தோல்வி. ஒதுங்கி நிற்பதற்குப் பெயர் எதிர்ப்பு இல்லை, விளைவு எல்லோர் தலையிலும் விழுகிறது.

2016 ஜூலை 18-ம் தேதி கிளீவ்லேண்ட் மாநாட்டில், பிரதிநிதிகள் மனசாட்சிப்படி வாக்களிக்க வழி வேண்டும் என்று போராடியவர்கள் விதிகள்மீது பெயர் கூப்பிட்டு வாக்கெடுப்பு நடத்தக் கேட்டார்கள், மேடையில் இருந்தவர் குரல் வாக்கெடுப்பில் முடித்துவிட்டார், கொலராடோ பிரதிநிதிகள் வெளிநடப்பு செய்தார்கள். ஒரு கோடிக்கு மேல் வாக்கு வாங்கியவரை மாநாட்டு அரங்கில் விதி பேசி இறக்குவது நடக்கிற காரியம் இல்லை, நடந்திருந்தால் அது அநியாயமாகவும் இருந்திருக்கும். ஆகஸ்ட்டில் டிரம்புக்கு மாற்றாக இவான் மெக்மல்லின் என்பவர் சுயேச்சை வேட்பாளராக வந்தபோது பல மாநிலங்களில் பதிவுக் கெடு முடிந்திருந்தது, யூட்டாவில் மட்டும் 21 சதவீதத்தைத் தாண்டினார்.

இந்தத் தவறுகளைச் செய்யாமல் இருக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு 2020-ன் ஜனநாயகக் கட்சியைச் சொல்வேன். இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் வேட்பாளராகிவிடுவார் என்று கட்சியின் மிதவாதிகள் பயந்த நேரம் அது. பிப்ரவரி 26-ம் தேதி தெற்கு கரோலினாவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் கிளைபர்ன் வெளிப்படையாக முன்னாள் துணை அதிபர் ஜோ பைடனை ஆதரித்தார், 29-ம் தேதி அங்கே பைடன் ஜெயித்தார். மார்ச் 1-ம் தேதி பீட் புட்டிஜெஜ், மறுநாள் ஏமி குளோபுஷார் என்று போட்டியாளர்கள் விலகி, அன்றிரவே டல்லஸில் பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். மார்ச் 3-ம் தேதி 14 மாநிலங்களில் 10 பைடனுக்குப் போனது. சாண்டர்ஸ் ஆதரவாளர்களுக்கு அதில் கசப்பு இருந்தது, அதற்கு நியாயமும் இருந்தது. ஆனால் யாரும் விதியை மாற்றவில்லை, வாக்காளரைத் திட்டவில்லை. தன் ஆசையை விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் வாக்குப்பதிவுக்கு முன்னால் விட்டுக்கொடுத்தார்கள், மீதியை வாக்காளர்களே முடிவு செய்தார்கள்.