746-ஐ நம்பி ஜெனரேட்டர் எடுக்காதீர்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டை அருகே எங்கள் ஊரில் தென்னைகளோடு மின்கம்பங்களும் படுத்துவிட்டன. மூன்றாம் நாள் மாடித் தொட்டி காலி. வயரிங் வேலை பார்ப்பவன் என்ற தெம்பில் நானே மனக்கணக்குப் போட்டேன். போர் மோட்டார் 1 எச்.பி., அதாவது 746 வாட். 2 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) ஜெனரேட்டர் தாராளம். வாடகைக்கு எடுத்துவந்து சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் திணறியது, பேனல் பெட்டி உறுமியது, தண்ணீர் மட்டும் வரவில்லை. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனை கைப்பம்புக்குப் போய்விட்டாள்.

746 வாட் என்பது மோட்டார் வெளியே தருகிற சக்தி. அதைத் தருவதற்கு அது உள்ளே இழுப்பது 1,100, 1,200 வாட் வரும். அதுவும் ஓடும்போதுதான். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்த ஒரு நொடிக்கு, ஓடும் கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு கேட்கும். ஈபி லைன் அதைச் சத்தமில்லாமல் கொடுத்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. சின்ன ஜெனரேட்டர் மூச்சு வாங்கும்.

ஆகவே ஒரு தாளில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண் எழுதுங்கள்: ஓடும் வாட், கிளம்பும் வாட். பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் ஆம்பியர் மட்டும் இருந்தால் 230-ஆல் பெருக்குங்கள். ஜெனரேட்டர் கணக்குக்கு அது போதும். வயரைக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே ஒரு வயரை மட்டும் அதன் வாய்க்குள் விட வேண்டும். இரண்டையும் சேர்த்து விட்டால் பூஜ்யம்தான் காட்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. மின்விசிறி 3, தலைக்கு 75 என்று 225. எல்இடி பல்பு 6, அது 54. டிவி 60, போன் சார்ஜருக்கு 20. ஃபிரிட்ஜ் ஓடும்போது 150தான், ஆனால் கிளம்பும்போது 900 என்று வைத்துக்கொண்டேன். ஓடுவது மொத்தம் 509. எல்லாப் பொருளும் ஒரே நொடியில் கிளம்பாது. அதனால் கிளம்பும்போது அதிகம் கேட்கும் ஒன்றின் கூடுதலை மட்டும் சேர்த்தால் போதும். ஃபிரிட்ஜுக்கு அது 750. ஆக 1,259. ஜெனரேட்டரை முழுச் சுமையில் ஓட்டக்கூடாது, ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் விட வேண்டும். அப்படியானால் சுமார் 1,600 வாட். 2 கேவிஏ செட் இதற்குச் சரி. மிக்சி 750 வாட். சட்னி அரைக்கும் இரண்டு நிமிடம் ஃபிரிட்ஜை அணைத்துவிடுவோம்.

அயர்ன் பாக்ஸ், கீசர், இன்டக்ஷன் அடுப்பு எல்லாம் எழுதியிருப்பதைத்தான் இழுக்கும், ஆனால் அதுவே 1,000, 2,000. ஜெனரேட்டரில் இன்டக்ஷன் அடுப்பு வைப்பவர் பெட்ரோலைக் கொளுத்தி வெந்நீர் வைக்கிறார், அவ்வளவுதான். வேலைத்தளத்தில் டிரில், ஆங்கிள் கிரைண்டர், மார்பிள் கட்டர் எல்லாம் கார்பன் பிரஷ் மோட்டார். கிளம்ப இரண்டு மடங்கு போட்டால் போதும். 850 வாட் கிரைண்டருக்கு 1,700.

வாங்கும்போது தகட்டில் பெரிதாக எழுதியிருக்கும் ‘மேக்ஸ்’ எண்ணைப் பார்க்காதீர்கள். அது சில நிமிடத்துக்கானது. பக்கத்தில் சின்னதாக இருக்கும் ‘ரேட்டட்’தான் உங்கள் எண். பெரிய டீசல் செட் என்றால் கேவிஏவை 0.8-ஆல் பெருக்கினால்தான் கிலோவாட் வரும்.

சரி, எங்கள் தொட்டி எப்படி நிரம்பியது? நான்கு வீட்டார் சேர்ந்து 5 கேவிஏ செட் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். வீட்டுக்கு அரைமணி நேரம். முதலில் மோட்டாரை மட்டும் கிளப்பி, அது சீராக ஓடிய பிறகே விளக்கும் விசிறியும். முதலில் எடுத்த 2 கேவிஏ செட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, ஃபிரிட்ஜுக்கு வைத்துக்கொண்டோம்.

ஒன்றில் மட்டும் நான் கறாராக இருந்தேன். ஈபி லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாத வீட்டில், இரண்டு முனையிலும் பின் வைத்த வயரால் ஜெனரேட்டரைப் பிளக் பாயின்டில் சொருக விடவில்லை. அந்தக் கரண்ட் வெளி லைனுக்கு ஏறும். அப்போது தெருவெல்லாம் கம்பத்தில் ஆள் இருந்தார்கள். செட்டையும் திண்ணைக்குக்கூட ஏற்றாமல், ஜன்னல்களிலிருந்து தள்ளி வாசலுக்கு வெளியேதான் வைத்தோம். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை தெரியாமலே ஆளைச் சாய்க்கத் தெரியும்.