ஆடும் மேசைக்கு ஓட்டாஞ்சில்லு

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். பாதிப் பேர் காபித் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பாடம் முடிந்ததும் கதை. கிரேக்க, ரோமானியக் கதைகளைச் சொல்ல நினைப்பவர்கள் பாசிஸ், ஃபிலிமோன் கதையிலிருந்து தொடங்குங்கள்.

ரோமானியக் கவிஞர் ஓவிட், கி.பி. 8 வாக்கில் முடித்த ‘மெட்டமார்ஃபசிஸ்’ நூலின் எட்டாம் பாகத்தில் இது வருகிறது. ஜூபிடர், மெர்க்குரி என்ற இரு தெய்வங்கள் மனித உருவில், இன்றைய துருக்கியில் இருந்த ஃபிரிஜியாவில் ஆயிரம் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். யாரும் திறக்கவில்லை. நாணல் வேய்ந்த குடிசையில் இருக்கும் கிழவன் ஃபிலிமோனும் கிழவி பாசிஸும் மட்டும் உள்ளே அழைக்கிறார்கள்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பாசிஸ் சாம்பலைக் கிளறி, நேற்றைய நெருப்பை ஊதி எழுப்புகிறாள். மேசையின் ஒரு கால் குட்டை. அடியில் ஓட்டாஞ்சில்லு வைத்துச் சமன் செய்கிறாள். “எங்க வீட்டுக் கட்டிலுக்கும் அப்படித்தான் வச்சிருக்கோம்” என்று ஒரு சிறுமி சொன்னாள். அதற்குப் பிறகு ஃபிரிஜியா அவளுக்குத் தூரத்து ஊராக இல்லை.

ஊற்ற ஊற்ற மது குறையாததைக் கண்டு இருவரும் பயந்து, வீட்டுக் காவலுக்கு இருந்த ஒரே வாத்தையும் அறுக்கத் துரத்துகிறார்கள். அது தெய்வங்களிடமே ஓடி ஒளிகிறது. கொல்ல வேண்டாம் என்கிறார்கள் அவர்கள். “இருந்த ஒன்றையும் ஏன் கொடுக்கப் போனார்கள்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதிலை நீங்கள் சொன்னால் கதை அங்கேயே செத்துவிடும். பிள்ளைகள் பேசி முடித்தபின் ஒரு சொல்லை மட்டும் கொடுங்கள்: கிரேக்கத்தில் ‘செனோஸ்’ என்றால் அந்நியர், விருந்தினர் இரண்டும்தான். நம் ‘விருந்து’ என்ற சொல்லுக்கும் புதிது, புதிதாய் வந்தவர் என்ற பொருள் உண்டு.

அப்புறம் வெள்ளம். கதவு திறக்காத ஊர் மூழ்குகிறது. “அந்த வீட்டுக் குழந்தைங்க என்ன தப்பு பண்ணாங்க?” என்று ஒரு பையன் கேட்டான். மழுப்பாதீர்கள். எனக்கும் அது நியாயமாகப் படவில்லை என்றே சொன்னேன். இன்னொரு கதையில் தாய் நயோபி பெருமை பேசியதற்கு அவள் பிள்ளைகள் சாகிறார்கள், அதுவும் அப்படித்தான். இந்தக் கதைகளில் பின்பற்றத் தக்கவர்களைத் தெய்வங்களிடம் தேடாதீர்கள், குடிசையில் தேடுங்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அடுத்து வரும் எரிசிக்தான் கதையையும் சொல்லலாம். சீரீஸ் தேவியின் ஓக் மரத்தை வெட்டியவன், தீராப் பசியில் சொத்தை அழித்து, மகளை விற்று, கடைசியில் தன் உடம்பையே கடித்துத் தின்கிறான். மிளகுக்கொடி ஏறும் நம் சில்வர் ஓக் அந்த ஓக் இல்லை, இது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு மரம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

முதல் கதையின் முடிவை இருட்டுவதற்குள் வெளியே நின்று சொல்லுங்கள். ஒருவர் சாவை மற்றவர் பார்க்கக் கூடாது என்று தெய்வங்களிடம் வரம் கேட்ட ஃபிலிமோனும் பாசிஸும் ஒரே நேரத்தில் ஓக் மரமாகவும் லிண்டன் மரமாகவும் மாறிப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். அப்படி நிற்கும் இரண்டு மரங்களைத் தேடச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் ஒரு பலாவையும் ஒரு ஆரஞ்சு மரத்தையும் காட்டினார்கள்.