நாலைந்து கிலோ குறைக்க நினைப்பவர்களுக்கு: வீட்டுச் சாப்பாட்டை விடாமல் ஒரு வழி

நாலு கிலோ, ஐந்து கிலோ, மிஞ்சிப் போனால் ஏழு கிலோ குறைந்தால் போதும் என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு உடனே எதையும் தொடங்க வேண்டாம், முதலில் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். மாத்திரையை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம்.

மற்றவர்களுக்கு என்னிடம் ஒரே கேள்விதான். நீங்கள் தேர்ந்தெடுக்கப் போகும் முறையை அடுத்த வருஷம் ஊர் நோம்பி (திருவிழா) வரும்போதும் செய்துகொண்டிருப்பீர்களா? ஆமாம் என்றால் அது உங்களுக்கான முறை. இல்லையென்றால் அது எவ்வளவு வேகமாகக் குறைத்தாலும் வேண்டாம், நிறுத்திய மாதமே எடை திரும்பி வந்துவிடும்.

முதல் படி: எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

உயரத்தை மீட்டரில் எழுதி அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வரும் விடையால் உங்கள் எடையை வகுத்தால் அதுதான் பி.எம்.ஐ., உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண். 165 செ.மீ. உயரம், 74 கிலோ எடை என்றால் 1.65 × 1.65 = 2.72, 74-ஐ இதால் வகுத்தால் 27.2. நம் ஆட்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். இணையத்தில் பார்க்கும் 25, 30 என்ற அளவு மற்ற நாட்டுக்காரர்களை வைத்துப் போட்டது, நமக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோயும் வந்துவிடுகிறது.

அதனால் எடையோடு இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

சரி, 27-இல் இருப்பவர் 23-க்கு வந்தே ஆக வேண்டுமா? முதல் குறி அவ்வளவு தூரத்தில் வேண்டாம். இருக்கும் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எல்லாம் இறங்க ஆரம்பிக்கின்றன. 74 கிலோவில் அது 3.7 கிலோதான். 70-க்கு வந்து அங்கே ஆறு மாதம் நிற்க முடிந்தால் மிக நல்லது, மேற்கொண்டு குறைக்கலாமா என்று அப்புறம் யோசிக்கலாம்.

இரண்டாவது படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், ஆனால் இதில்தான் பாதி விடை இருக்கிறது. வெடியால (விடியற்காலையில்) எழுந்ததிலிருந்து படுக்கும் வரை வாய்க்குள் போவதையெல்லாம் போனிலோ ஒரு நோட்டிலோ எழுதிக்கொண்டே வாருங்கள். கலோரி கணக்கு வேண்டாம், பெயரும் அளவும் போதும்: இட்லி நாலு, தேங்காய்ச் சட்னி ரெண்டு கரண்டி, இப்படி.

எழுதிப் பார்த்தால் நம்ம பக்கத்து ஆட்கள் பலருக்கும் ஒரே இடம்தான் அகப்படும், பேக்கரி. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் டீக்கடை என்றாலே பேக்கரிதானே. பதினோரு மணிக்கு ஒரு டீயும் வெஜ் பப்ஸும், நாலு மணிக்கு ஒரு டீயும் தேங்காய் பன்னும், ஆள் யாராவது பார்க்க வந்தால் இன்னொரு டீ. வீட்டில் மூன்று வேளையும் அளவாகச் சாப்பிடுகிறவர்கூட இதைச் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஒரு பப்ஸ் 200 கலோரிக்குக் குறையாது, அந்த மாவில் இருக்கும் வனஸ்பதியோ மார்ஜரினோ வேறு. ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரை மட்டுமே 40 கலோரி, நாலு டீக்கு 160. நாட்டுச்சர்க்கரை போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

மூன்றாவது படி: முறையைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் பொறுமையாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், ஒவ்வொன்றிலும் குறைந்தவர்களும் நிஜமாகவே இருப்பார்கள், ஏனென்றால் எந்த முறையாக இருந்தாலும் செலவாவதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் எடை இறங்கும். குறைகிறதா என்பதைவிட, உங்கள் வீட்டில், உங்கள் வேலை நேரத்தில், உங்கள் வருமானத்தில் அது நிற்குமா என்பதுதான் முக்கியம்.

பேலியோ, கீட்டோ மாதிரி தானியத்தை அடியோடு நிறுத்தும் முறைகளில் முதல் வாரமே ரெண்டு கிலோ குறைந்ததாகச் சொல்வார்கள். அதில் பெரும்பங்கு தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து தீரும்போது அதோடு சேர்ந்திருந்த தண்ணீரும் வெளியேறுகிறது, மறுபடி சோறு சாப்பிட்டதும் அதுவும் திரும்பி வந்துவிடும். இந்த முறையில் நன்றாக இருப்பவர்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு சமையல், உங்களுக்கு மட்டும் தனிப் போசியில் ஒரு சமையல், தினமும் முட்டை, கறி, பனீர் செலவு என்று எத்தனை மாதம் ஓட்ட முடியும் என்பதை இப்போதே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு என்ற முறை, காலையில் பசியே எடுக்காதவர்களுக்குச் சுலபமாகப் பொருந்தும். அதில் மாயம் ஒன்றும் கிடையாது, ஒரு வேளை குறைவதால்தான் எடை குறைகிறது. தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுகிறவர்களோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைந்தது. மில்லில் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர்களுக்கும் வயிற்றுப் புண் இருப்பவர்களுக்கும் இது வேண்டாம் என்பது என் கருத்து.

டப்பாவில் வரும் பவுடரைக் கலக்கி ரெண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மாதம் ஆயிரக்கணக்கில் செலவு, குடிக்கிற வரைக்கும்தான் பலன், வீட்டுச் சாப்பாட்டை எப்படி அளவாகச் சாப்பிடுவது என்பதை அது சொல்லித் தருவதே இல்லை. வெறும் ஜூஸ், வெறும் சூப் என்று பத்து நாள் இருப்பது அதைவிட மோசம். கொழுப்போடு தசையும் கரையும், ரொம்ப வேகமாகக் குறைத்தால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும்.

மிச்சம் இருப்பது, இப்போது சாப்பிடுவதையே அளவு மாற்றிச் சாப்பிடுவது. தினமும் சுமார் 300 கலோரி குறைந்தால் மாதம் ஒரு கிலோ இறங்கும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி, 300 வீதம் முப்பது நாளைக்கு 9,000, நடுவில் ஒன்றிரண்டு நாள் தவறினாலும் கணக்கு சரியாக வரும். எடை குறையக் குறைய உடம்புக்குத் தேவையும் குறைவதால் பின்னால் வேகம் கொஞ்சம் தணியும். ஆறு மாதத்தில் நாலைந்து கிலோ. மெதுவாகத் தெரிந்தாலும் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் இதற்குத் தனிச் சமையலும் வேண்டாம், தனிச் செலவும் வேண்டாம்.

நான்காவது படி: சமையலில் ரெண்டே ரெண்டு மாற்றம்

இரண்டாவது படியில் எழுதிய நோட்டை எடுத்து, அடிக்கடி வருவதில் எதை விட்டால் உங்களுக்கு வலிக்காதோ அதில் ரெண்டை மட்டும் முதல் மாதத்துக்குத் தேர்ந்தெடுங்கள். பத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள்.

உதாரணத்துக்கு நம்ம அரிசியும் பருப்பும் சாதத்தையே எடுத்துக்கொள்வோம், வாரத்தில் ரெண்டு மூன்று நாள் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு போடுகிற வீடு என்றால் முக்கால் டம்ளர் அரிசி, அரை டம்ளர் பருப்பு என்று மாற்றுங்கள். மொத்த அளவு அதேதான், மாவுச்சத்து குறைந்து புரதம் கூடுகிறது, மூன்று மணிக்கே வயிறு கூப்பிடாது. பருப்பு கூடினால் கெட்டியாகும், அரை டம்ளர் தண்ணீர் சேர்த்து வையுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் எதையும் குறைக்க வேண்டாம். நெய்யையும் நிறுத்தச் சொல்லவில்லை, கிண்ணத்திலிருந்து சாய்த்து ஊற்றாமல் டீஸ்பூனில் ஒன்று ஊற்றிக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ள அப்பளம், வத்தலுக்குப் பதிலாக ஒரு கைப்பிடிப் பொரியல் என்று ஆரம்பித்து, பாதித் தட்டு காயும் கீரையுமாக வரும் அளவுக்குக் கொண்டுபோங்கள். உழவர் சந்தைக்கு வாரம் ரெண்டு முறை போய்வந்தால் காய் தீர்ந்துவிட்டது என்ற பேச்சே வராது.

அடுத்தது எண்ணெய். எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, சோறு பருப்பின் மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரிதான். நாலு பேர் வீட்டில் மாதம் நாலு லிட்டர் செலவானால் தலைக்கு நாளைக்கு 33 மில்லி. அதை மூன்று லிட்டருக்குள் கொண்டுவந்தாலே ஒருவருக்கு நாளைக்கு 65 கலோரிக்கு மேல் மிச்சம். மாதம் பிறந்ததும் மூன்று லிட்டரை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ எதுவாக இருந்தாலும் இதே கணக்குதான். செக்கில் ஆட்டியது என்பதால் கலோரி குறைந்துவிடாது.

களி, கம்பஞ்சோறு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ராகிக்கு மாறினால் தானாக எடை குறையும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நூறு கிராம் ராகி மாவிலும் நூறு கிராம் அரிசியிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான், ரெண்டிலும் 300-க்கு மேல். ராகியில் நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம், ஒரு உருண்டை களி கீரைக் கடைசலோடு சாப்பிட்டால் ரொம்ப நேரம் தாங்கும், அதனால் குறைவாகச் சாப்பிட முடிகிறது. அந்த வழியில்தான் உதவி. மூன்று உருண்டை சாப்பிட்டால் எடை இறங்காது.

கொள்ளும் அப்படித்தான். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம்ம பெரியவர்கள் சொல்லி வைத்தது வீணில்லை, நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. ஆனால் காலையில் கொள்ளுத் தண்ணீர் குடித்தால் கொழுப்பு கரையும் என்பதில் உண்மை இல்லை. கொள்ளைக் கடைந்து சோற்றுக்கு ஊற்றி, அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்தால்தான் பயன்.

பேக்கரிக்கு வழி சுலபம். டீயை நிறுத்த வேண்டாம், மாஸ்டரிடம் "அண்ணா, சர்க்கரை கம்மி" என்று ஒரு வாரம் சொன்னால் அப்புறம் அவரே போட்டுக் கொடுத்துவிடுவார். பப்ஸுக்குப் பதிலாகப் பையில் ஒரு கொய்யாவோ, வேக வைத்த தட்டைப்பயறு சுண்டலோ இருக்கட்டும்.

ஐந்தாவது படி: நடை

வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம், ஐந்து நாள் அரை மணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகத்துக்கு அளவு. கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் பக்கம் இருப்பவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஈரோடு, கோபி பக்கம் என்றால் வாய்க்கால் கரையில் வண்டிப் போக்குவரத்து இல்லாத இடமாகப் பார்த்து வெடியால நடக்கலாம், வெளிச்சம் வந்தபின் போங்கள். பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நிற்கிறேனே, போதாதா என்று கேட்பார்கள். நிற்பது வேறு, மூச்சு வாங்க நடப்பது வேறு.

அரை மணி நடைக்குச் சுமார் 100 முதல் 150 கலோரிதான் செலவாகும், அதனால் நடந்துவிட்டு வந்து ரெண்டு போண்டா சாப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். நடையோடு வாரம் ரெண்டு நாள் நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால் எடுப்பது, இவற்றைப் பத்துப் பத்து முறை செய்யுங்கள். எடை குறையும்போது தசை கரையாமல் இருக்க இது வேண்டும், நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு மிகவும் வேண்டும்.

ஆறாவது படி: நோம்பியும் ஒரம்பரையும் (உறவினர்களும்)

முகூர்த்த மாதம் வந்தால் வாரத்துக்கு ரெண்டு கல்யாணம், நடுவில் கெடா விருந்து, பங்குனியில் மாரியம்மன் நோம்பி. இவற்றுக்குப் போகாமல் இருக்கச் சொல்லும் எந்த முறையும் நம்ம ஊரில் நிற்காது. போங்கள், சாப்பிடுங்கள். பந்தியில் முதலில் பொரியல், கூட்டு, கறி, அப்புறம் சோறு. ஒப்புட்டு (போளி) ஒன்று சாப்பிடுங்கள், பாயசத்தை விட்டுவிடுங்கள், அல்லது பாயசத்தை வைத்துக்கொண்டு ஒப்புட்டை விடுங்கள். அத்தை கரண்டியோடு வந்து நின்றால் இலையைக் கையால் மறைத்து "போதுமுங்க அத்தை, வயிறு நெறஞ்சிருச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள், வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் போதும்.

ஏழாவது படி: எடை பார்ப்பது

வாரம் ஒரு நாள், அதே கிழமை, காலையில் கழிவறை போய்வந்தபின், வெறும் வயிற்றில், அதே மெஷினில். தண்ணீர், உப்பு, மாதவிடாய் இவற்றால் ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம், அதனால் நாலு வார எடைகளையும் கூட்டிச் சராசரி எடுத்துப் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள். மாதம் ஒரு முறை இடுப்பளவும் எழுதுங்கள், எடை நிற்கும் மாதத்தில்கூட டேப் ஒரு செ.மீ. குறைந்திருக்கும்.

சராசரி அப்படியே நின்றால் மறுபடி ஒரு வாரம் எழுதுங்கள், எங்கேயோ ஒரு டீயோ முறுக்கோ திரும்ப வந்திருக்கும். எழுதியதெல்லாம் சரியாக இருந்தால் மூன்றாவது மாற்றம் ஒன்றைச் சேருங்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் எடையும் இடுப்பும் அசையவே இல்லை, அசதியும் மலச்சிக்கலும் இருக்கிறது, குளிர் தாங்கவில்லை என்றால் தைராய்டுக்கு டி.எஸ்.எச். பரிசோதனை எடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: நீங்கள் ஒன்றுமே மாற்றாமல் எடை மட்டும் மளமளவென்று இறங்கினால், கூடவே தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் இருந்தால், அந்த வாரமே ரத்தச் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.