அமெரிக்காவில் அலைவரிசை ஏலத்துக்குப் போகாமல் சொந்த எல்டிஇ (4ஜி மொபைல்) நெட்வொர்க் போட ஒரு வழி

கிடங்குக்கோ பண்ணைக்கோ வைஃபை எட்டவில்லையா? அமெரிக்காவில் இருந்தால் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிபிஆர்எஸ் என்ற, பலரும் பங்கிட்டுக்கொள்ளும் அலைவரிசையைப் பாருங்கள். இங்கே பயன்படுத்துவோர் முன்னுரிமைப்படி மூன்று அடுக்கு. மேலே கடற்படை ரேடார் போன்ற பழைய உரிமையாளர்கள், நடுவில் 2020 ஏலத்தில் சுமார் 458 கோடி டாலர் கொட்டி மாவட்டவாரியாக பத்தாண்டு முன்னுரிமை வாங்கியவர்கள், கடைசியில் உரிமக் கட்டணமே இல்லாத நாம்.

முதலில் எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) அங்கீகரித்த ரேடியோ கருவி வாங்குங்கள். கட்டடத்துக்குள் என்றால் குறைந்த சக்தியுள்ள ஏ வகை போதும். வெளியே தூரமாக எட்ட பி வகை வேண்டும், ஆனால் அதைச் சான்றிதழ் பெற்ற நிபுணர்தான் பதிவு செய்ய முடியும், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் எஸ்ஏஎஸ், அதாவது அலைவரிசையைப் பங்கிட்டுத் தரும் கணினி அமைப்பை நடத்தும் நிறுவனம் ஒன்றில் சந்தா. இருப்பிடம், ஆன்டெனா உயரம் எல்லாவற்றையும் கொடுத்தால்தான் எந்த சேனல், எவ்வளவு சக்தி என்று அது சொல்லும். அது அனுமதிக்காமல் கருவி ஒலிபரப்பக் கூடாது. விலகு என்றால் 60 நொடிக்குள் விலக வேண்டும்.

ஏலம் எடுத்தவர் பயன்படுத்தாத இடத்தில் அந்த அலைவரிசையும் நமக்குக் கிடைக்கும், என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் நிஜமான லாபமே இதுதான். ஆனால் பக்கத்துவீட்டு இலவசக்காரரின் இடைஞ்சலுக்குப் பாதுகாப்பு கிடையாது. ஒரு நிமிடம் நின்றாலும் நஷ்டம் வரும் தொழில் என்றால், முன்னுரிமை வைத்திருப்பவரிடம் குத்தகை கேட்டுப் பாருங்கள், விதி அதை அனுமதிக்கிறது.