ஜன்னல் கண்ணாடி பளிச்சுன்னு ஆகணுமா? முதல்ல அழுக்கு என்னன்னு பாருங்க

எங்க அம்மாச்சி வீட்ல கரண்ட் அடிக்கடி போகும், அதனால அரிக்கேன் லைட் ரெண்டு எப்பவும் ரெடியா இருக்கும். சாயங்காலம் விளக்கு ஏத்துறதுக்கு முன்னாடி அந்த சிம்னியைத் துடைக்கிற வேலை எனக்கு, ஏன்னா பெரியவங்க கை அதுக்குள்ள போகாது, சின்னப் பிள்ளை கைதான் போகும். அடுப்புச் சாம்பலை பழைய வேட்டித் துணில சலிச்சு ஒரு கொட்டாங்கச்சில வச்சிருப்பாங்க. கிழிஞ்ச துணியை விரல்ல சுத்தி, அந்தச் சாம்பலைத் தொட்டு, சிம்னிக்குள்ள விட்டு மெதுவா சுத்தினா கரி மொத்தமும் துணியோட வந்துரும். அப்புறம் வாயை வச்சு ‘ஹா’ன்னு ஒரு ஊது ஊதி, காஞ்ச துணில ஒரு துடை, அவ்வளவுதான். சூடு ஆறுறதுக்கு முன்னாடி தொட விடமாட்டாங்க, தண்ணி பக்கமே கொண்டு போக விடமாட்டாங்க, ஏன்னா சூடான கண்ணாடில தண்ணி பட்டா பட்டுனு விரிசல் விட்டுரும்.

இப்ப என் வீட்ல அரிக்கேன் லைட் இல்ல, ஆனா ஜன்னல், பீரோ கண்ணாடி, பாத்ரூம் கண்ணாடி, ஷோகேஸ், சாமி படம்னு துடைக்க வேண்டிய கண்ணாடி நிறையவே இருக்கு. புதுசா குடி வந்தவங்க, முதல் தடவையா வீட்டைத் தனியா பாத்துக்கிறவங்க நிறைய பேர் என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான், எவ்வளவு துடைச்சாலும் கோடு கோடா நிக்குதே, வெள்ளையா பூத்துப் போகுதே, என்ன பண்றதுன்னு. கண்ணாடில படியுற அழுக்கு எல்லாம் ஒரே அழுக்கு இல்லங்க. தூசி ஒண்ணு, எண்ணெய்ப் பிசுக்கு ஒண்ணு, போர் தண்ணி விட்டுட்டுப் போற உப்பு ஒண்ணு. மூணுக்கும் வேற வேற வைத்தியம். அதைப் பாக்காம ஒரே ஸ்ப்ரேயை எல்லாத்துக்கும் அடிச்சா கை வலிதான் மிச்சம்.

நேரம் பாத்து ஆரம்பிங்க

வெயில் நேரா அடிக்கிற ஜன்னலை அந்த நேரத்துல தொடாதீங்க. நீங்க துடைக்கிறதுக்குள்ள தண்ணி காஞ்சிரும், காஞ்ச இடத்துல எல்லாம் கோடு நிக்கும். கிழக்குப் பாத்த ஜன்னலை சாயங்காலமும் மேற்குப் பாத்ததை காலைலயும் வச்சுக்கங்க.

வேணும்கிற சாமான் எல்லாம் வீட்லயே இருக்கும். பழைய வேட்டியோ காட்டன் சேலையோ கிழிச்ச துணி நாலஞ்சு, பழைய பெயின்ட் பிரஷ் ஒண்ணு, தேஞ்ச டூத்பிரஷ் ஒண்ணு, ரெண்டு பக்கெட், பழைய நியூஸ்பேப்பர், வெள்ளை வினிகர் ஒரு பாட்டில், சோடா உப்பு. பாலியஸ்டர் துணி வேண்டாம், அது தண்ணியை உறிஞ்சாது, அழுக்கை இங்க இருந்து அங்க தள்ளிட்டு மட்டும் போகும்.

தூசியைக் காஞ்சபடியே எடுங்க

நிறைய பேர் எடுத்த உடனே தண்ணியை அடிச்சிருவாங்க. நானும் அப்படித்தான் ஒரு தடவை, பக்கத்துல வீடு கட்டிட்டு இருந்தப்ப, ஜன்னல் முழுக்க படிஞ்ச தூசி மேல ஈரத்துணியைப் போட்டு அழுத்தித் தேய்ச்சேன், காஞ்சதுக்கு அப்புறம் பாத்தா வளைவு வளைவா மெல்லிய கீறல். அந்தக் கீறல் இன்னிக்கும் இருக்கு, போகவே போகாது. காரணம் என்னன்னா கட்டட வேலைத் தூசில மணல் இருக்கும், அந்த மணல் கண்ணாடியை விடக் கடினமானது. அதை வச்சு அழுத்தித் தேய்க்கிறது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான்.

அதனால முதல்ல கொசுவலை, கிரில், ஃபிரேம் எல்லாத்தையும் பெயின்ட் பிரஷ்ல தட்டி விடுங்க. ஸ்லைடிங் ஜன்னலா இருந்தா கீழ ஓடுற பள்ளத்துல மண்ணு, செத்த பூச்சி, பல்லி எச்சம் எல்லாம் கெட்டியா உக்காந்திருக்கும், டூத்பிரஷ்ல நோண்டி எடுத்துட்டு அப்புறம் ஈரத்துணி விடுங்க. கண்ணாடியை மேல இருந்து கீழ காஞ்ச துணியால லேசா, அழுத்தாம, ஒத்தி ஒத்தி தட்டிருங்க. ரொம்ப மண்ணா இருந்தா மக்ல தண்ணியை ஊத்தி வழிய விட்டுருங்க, தேய்க்கவே வேண்டாம். பழைய வீடுகள்ல பட்டை பட்டையா கண்ணாடி வச்ச ஜன்னல் இருக்கும்ல, அதுக்கு கையில ஒரு பழைய காட்டன் சாக்ஸை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு பட்டையா ரெண்டு பக்கமும் சேத்துப் பிடிச்சு இழுத்தீங்கன்னா வேலை சீக்கிரம் முடியும். ஓரம் கூரா இருக்கும், கை பத்திரம்.

விரலை வச்சுப் பாருங்க

தூசி போனதுக்கு அப்புறம் விரலால ஒரு இழுப்பு இழுங்க. வழவழன்னு போயி பின்னாடி ஒரு தடம் விழுந்தா அது எண்ணெய். சொரசொரன்னு புள்ளி புள்ளியா தட்டுப்பட்டா அது உப்பு. ரெண்டும் இல்லாம வெறும் மங்கலா இருந்தா சாதாரண அழுக்கு, அதுக்கு அரை பக்கெட் தண்ணில பாத்திரம் கழுவுற லிக்விட் அஞ்சாறு சொட்டு விட்டாலே போதும். நிஜமாவே சொட்டுதான். நுரை பொங்கப் பொங்க போட்டா அந்த சோப்பை எடுக்கிறதே தனி வேலையாயிரும், நிறைய வீட்ல கோடு கோடா நிக்கிறது அழுக்கே இல்ல, சோப்புதான்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு

கிச்சன் ஜன்னல் கதையே வேற. தாளிப்புப் புகை படிஞ்சு படிஞ்சு மஞ்சளா பிசின் மாதிரி ஆயிருக்கும், அது மேல தூசி ஒட்டி இருக்கும். விறகு அடுப்பு இருக்கிற ஊரா இருந்தா சாம்பல் தண்ணி மாதிரி ஒண்ணு கிடையாது. ரெண்டு கைப்பிடி விறகுச் சாம்பலை ஒரு லிட்டர் சுடுதண்ணில கலக்கி ராத்திரி முழுக்க வச்சிட்டு, காலைல அசைக்காம மேல தெளிஞ்சு நிக்கிற தண்ணியை மட்டும் துணில வடிகட்டி எடுங்க. விரல்ல தொட்டா சோப்பு மாதிரி வழுக்கும். சாம்பல்ல இருக்கிற காரம் எண்ணெயோட சேந்து அதையே சோப்பா மாத்திரும், அதனாலதான் பிசுக்கு விட்டுப் போகுது. கையுறை போட்டுக்கங்க, தோல் வறண்டு போகும். அலுமினிய ஃபிரேம்ல அது பட விடாதீங்க, காரம் அலுமினியத்தை அரிச்சு நிறம் மங்க வச்சிரும்.

சாம்பல் இல்லாத வீட்ல ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணிக்கு ஒரு ஸ்பூன் சோடா உப்பு போட்டு, துணியை நனைச்சு கண்ணாடி மேல ஒட்டி ஒரு பத்து நிமிஷம் விட்டுட்டுத் துடைங்க. சோடா உப்பையும் வினிகரையும் ஒண்ணா கலக்கி நுரை வர்றதைப் பாத்து இதுதான் பவர்னு நினைச்சுக்கிறாங்க பாருங்க, அந்த நுரை வெறும் காத்து, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு முறிச்சிரும். தனித்தனியா போட்டாதான் ரெண்டுக்கும் பலன்.

அரிசி களைஞ்ச தண்ணியைப் பத்தி கேப்பீங்க. பாட்டில் கழுவ நல்லாருக்கும், ஜன்னலுக்கு நான் சொல்லமாட்டேன், காஞ்சதும் மாவு மாதிரி ஒரு மங்கல் நிக்கும்.

உப்புக்கறைக்கு

போர் தண்ணி வர்ற வீட்ல இருக்கிறவங்க இதை நல்லா படிங்க. அந்தத் தண்ணில கால்சியம், மெக்னீசியம் உப்பு கரைஞ்சிருக்கு. ஷவர் கண்ணாடில தெறிச்ச சொட்டு காஞ்சா தண்ணி மட்டும்தான் போகும், உப்பு சுண்ணாம்பா அங்கயே ஒட்டிக்கும். அடுத்த நாள் அதே இடத்துல இன்னொரு படலம். சோப்பு போட்டு எவ்வளவு தேய்ச்சாலும் சுண்ணாம்பு கரையாது, புளிப்புக்குத்தான் கரையும்.

வினிகரும் தண்ணியும் சம அளவு கலந்து லேசா சூடு பண்ணுங்க. பழைய துணியை அதுல நனைச்சு, கறை இருக்கிற இடத்துல கண்ணாடியோட ஒட்டி விடுங்க, ஈரம் இருந்தா தானா ஒட்டிக்கும். இருபது நிமிஷம். நடுவுல காஞ்சா இன்னும் கொஞ்சம் தெளிங்க. துணியை எடுத்துட்டு தேய்ச்சா கூழா வரும். ரொம்ப நாள் கறைன்னா ஒரே தடவைல போகாது, மூணு நாள் தொடர்ந்து போடுங்க. வினிகர் இல்லன்னா ஜூஸ் பிழிஞ்ச எலுமிச்சை மூடியை வச்சுத் தேய்க்கலாம், குழாய் ஓரத்துக்கு அது ரொம்ப வசதி. புளியும் வேலை செய்யும், ஆனா சக்கை ஒட்டும், பித்தளைக்கே வச்சுக்கங்க. இத்தனை பண்ணியும் வெள்ளை போகலன்னா கண்ணாடியே அரிச்சுப் போயிருச்சுன்னு அர்த்தம், ஸ்டீல் நாரை எடுத்துட்டு வந்துறாதீங்க.

புளிப்பு விஷயத்துல மூணு ஜாக்கிரதை. ஜன்னல் திண்டுல கடப்பா கல்லோ மார்பிளோ போட்டிருந்தா கீழ துண்டு விரிச்சிருங்க, ரெண்டுமே சுண்ணாம்புச் சத்துள்ள கல்லு, வினிகர் சொட்டினா பளபளப்பு போயி தடம் விழும். வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா சேக்கவே சேக்காதீங்க, குளோரின் வாயு வரும், அடைச்ச பாத்ரூம்ல மூச்சு முட்டிரும். டாய்லெட் ஆசிட்டைக் கொண்டு வந்து கண்ணாடில ஊத்துறவங்களும் இருக்காங்க, அது குழாயோட பளபளப்பையும் டைல்ஸ் இடுக்கையும் தின்னுரும், உங்க நுரையீரலுக்கும் ஆகாது.

கடைசித் தண்ணி நல்ல தண்ணியா இருக்கட்டும்

இத்தனை கஷ்டப்பட்டு எடுத்துட்டு மறுபடி போர் தண்ணியையே ஊத்தி விட்டா மறுபடி புள்ளி வரும்தான. கடைசியா துடைக்க மட்டும் மழைத்தண்ணியோ கேன் தண்ணியோ எடுங்க. என் வீட்ல நான் வச்சிருக்கிறது ஏசில இருந்து சொட்டுற தண்ணி. அது காத்துல இருக்கிற ஈரம் குளுந்து வர்றது, உப்பு கிட்டத்தட்ட இருக்காது, குழாய்க்குக் கீழ பக்கெட்டை வச்சா கோடைக்காலத்துல சீக்கிரமே வேணும்கிற அளவுக்குச் சேந்துரும். ஆனா ஆர்.ஓ. மெஷின் வெளிய தள்ளுற தண்ணி வேண்டாம், உப்பு எல்லாம் அதுலதான் சேந்து இருக்கு.

நியூஸ்பேப்பர் போடுற விதம்

துடைச்சு ஈரம் லேசா இருக்கும்போதே பேப்பரைக் கசக்கி உருட்டி வட்டமா தேய்ங்க. பேப்பர் நனைஞ்சதும் அடுத்தது எடுங்க. நூல், பஞ்சு எதுவும் கண்ணாடில ஒட்டாது, அதுதான் இதுல இருக்கிற நன்மை. வழவழப்பான கலர் பக்கம் வேண்டாம், தண்ணியை உறிஞ்சாது, சாதா கறுப்பு எழுத்துப் பக்கம் எடுங்க. மை கையில ஒட்டும், வெள்ளை யுபிவிசி ஃபிரேமையும் கறுப்பாக்கும், ஓரம் மட்டும் துணியால துடைங்க.

இன்னொரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. உள்பக்கம் துடைக்கும்போது மேலயும் கீழயும் துடைங்க, வெளிப்பக்கம் இடது வலதா துடைங்க. எங்கயாவது கோடு தெரிஞ்சா படுத்திருந்தா வெளிய, நின்னிருந்தா உள்ள, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தேடவே வேண்டாம். மாடி வீட்ல இருக்கிறவங்க வெளிப்பக்கம் துடைக்கணும்னு திண்டு மேல ஏறாதீங்க. நீளக் குச்சில துணி கட்டி எட்டுற வரைக்கும் துடைச்சா போதும்.

முகம் பாக்கிற கண்ணாடிக்கும் சாமி படத்துக்கும்

முகம் பாக்கிற கண்ணாடி மேல நேரா தண்ணி அடிக்கக் கூடாது. பின்னாடி ஒரு மெல்லிய உலோகப் பூச்சு இருக்கு, ஓரம் வழியா ஈரம் உள்ள போனா அது கறுத்துரும். ரசம் போச்சுன்னு சொல்றோம்ல, அதுதான். அந்தக் காலத்துல தகரமும் பாதரசமும் சேத்துப் பூசுவாங்க, இப்ப வெள்ளி பூசுறாங்க, பேச்சுல ரசம்ங்கிற பேரு மட்டும் நின்னுருச்சு. போனது துடைச்சு வராது. துணியை நனைச்சுப் பிழிஞ்சு துடைங்க, பேப்பர்ல முடிங்க. ஸ்டிக்கர் பொட்டு ஒட்டின பசை இருந்தா கத்தியால சுரண்டாதீங்க, தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு தடவி பத்து நிமிஷம் விடுங்க, உருண்டு வந்துரும், மிச்ச எண்ணெயை சாக்பீஸ் பொடி போட்டு எடுத்துருங்க.

சாமி படத்துல சந்தனம் காஞ்சிருந்தா நனைச்சுப் பிழிஞ்ச துணியை அந்த இடத்துல மட்டும் ஒரு நிமிஷம் வச்சு ஊற விட்டுத் துடைங்க. தண்ணி ஃபிரேமுக்குள்ள இறங்கினா படம் வீங்கிப் போகும், பழைய படத்துக்கு அப்புறம் வைத்தியமே இல்ல.

குறுகுன வாய் பாட்டிலுக்கு ஒரு பிடி பச்சரிசியும் வெதுவெதுப்பான தண்ணியும் போட்டு மூடி குலுக்குங்க, அடில இருக்கிறது கழண்டு வரும்.

வேலை முடிஞ்சதும் துணி எல்லாத்தையும் சோப்பு மட்டும் போட்டுத் துவைச்சு வெயில்ல காய வைங்க. வாசனைக்கு ஊத்துற கண்டிஷனர்ல முக்கிடாதீங்க, அது துணி மேல ஒரு வழவழப்பு விட்டுட்டுப் போகும், அடுத்த தடவை துடைக்கும்போது அதுவே கண்ணாடில கோடா இறங்கும்.