வாடிக்கையாளர் அட்மின் பாஸ்வேர்ட் கேட்டால்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் கடை வைத்திருப்பவருக்கு நீங்கள் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறீர்கள். அவர் திடீரென்று வாட்ஸ்அப்பில், "தம்பி, அந்த அட்மின் பாஸ்வேர்டை அனுப்பிவிடு" என்கிறார். உடனே அனுப்பாதீர்கள், முடியாது என்றும் சொல்லாதீர்கள். முதலில் நீங்களே அவருக்கு போன் போடுங்கள், அவர் பெயரில் வேறு யாராவது கேட்டிருக்கலாம். அப்புறம், எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் பிரிண்டர் டிரைவர் போட வேண்டியிருக்கும், அதை நீங்களே ரிமோட்டில் முடித்துவிடலாம். புது ஊழியருக்கு மெயில் திறக்க என்றால், மைக்ரோசாஃப்ட் 365-இல் பயனர் கணக்குகளைக் கவனிக்கும் யூசர் அட்மினிஸ்ட்ரேட்டர் பொறுப்பே போதும். முழு அதிகாரம் உள்ள குளோபல் அட்மின் ஐந்து பேருக்கும் குறைவாக இருக்கட்டும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

விளக்கிய பிறகும் முழு அதிகாரம்தான் வேண்டும் என்றால், சரி, கொடுத்துவிடுங்கள். சிஸ்டம் அவருடையது, பாஸ்வேர்டைப் பணயமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆட்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் உங்கள் கணக்கைப் பகிராதீர்கள். அவர் பெயரில் தனி அட்மின் கணக்கு திறந்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டு, அன்றாட மெயிலுக்கு இதைத் தொடவே கூடாது என்று சொல்லிக் கொடுங்கள், அப்போதுதான் யார் எதை மாற்றினார் என்பது லாக்கில், அதாவது சிஸ்டத்தின் பதிவேட்டில், தெரியும்.

கையோடு ஈமெயிலில் ஒப்புதல் வாங்குங்கள்: தேதி, காரணம், அவர் கெடுத்ததைச் சரிசெய்யத் தனிக் கட்டணம். தனிநபர் தகவல் கசிந்து 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டால், அது அறிவிக்க வேண்டிய கசிவு என்று முடிவான 3 நாளுக்குள் நிறுவனம் சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் (பிடிபிசி) சொல்லியாக வேண்டும். அப்போது எல்லாரும் தேடுவது இந்த ஈமெயிலைத்தான்.